ஆறாயிரம் ரூபாய்க்கு எது முதலில்: கிரைண்டரா, ஃபேனா, தோசைக்கல்லா?

சொந்தத்தில் யாராவது புதுக்குடித்தனம் வைத்தால் இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்: “கையில ஒரு ஆறாயிரம் இருக்கு சித்தப்பா, எதை முதல்ல வாங்கலாம்?” கட்டில், பீரோ, அடுப்பு, குக்கர், மிக்சி எல்லாம் சீர்வரிசையாகவோ அம்மா வீட்டுப் பழசாகவோ வந்து சேர்ந்திருக்கும். அதற்கப்புறம் மிஞ்சுகிற காசுக்குத்தான் அடிதடி. பெண்ணுக்கு டேபிள் டாப் கிரைண்டர் வேண்டும். பையன் கரண்ட் பில்லைக் குறைக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் என்பான். மாமியார், “முதல்ல நல்ல இரும்புத் தோசைக்கல் ஒண்ணு வாங்குங்க, மத்ததை அப்புறம் பார்க்கலாம்” என்பார். மூன்று பேர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் இரண்டு லிட்டர் கிரைண்டர் சுமார் 5,000 ரூபாய், பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 3,000, வார்ப்பிரும்புக் கல் ஆயிரத்துக்கு முன்னே பின்னே. ஆறாயிரத்தில் மூன்றும் அடங்காது.

விலைகளைச் சுமாராகத்தான் சொல்கிறேன். கடைக்குக் கடை, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கணக்கின் போக்கு மாறாது.

இந்த மாதிரிச் சாமான்களுக்கு நான் மூன்று கேள்வி கேட்பேன். வாரத்தில் எத்தனை நாள் கை அதைத் தொடும்? கழுவித் துடைப்பது யார்? கெட்டுப்போனால் பக்கத்துத் தெருவில் சரிசெய்ய ஆள் உண்டா? ரொட்டி மேக்கர், சான்ட்விச் மேக்கர், கயிறு இழுத்துக் காய் நறுக்கும் டப்பா என்று எத்தனையோ வீடுகளின் பரணில் தூங்குகிற சாமான்கள் எல்லாம் இந்த மூன்றில் ஒன்றில் தோற்றவைதான். கயிறு அறுந்த டப்பாவை எந்தக் கடையில் கொண்டுபோய்க் கொடுப்பது?

மாவுக் கணக்கு

கிரைண்டரை எடைபோட மாவிலிருந்து தொடங்க வேண்டும். இட்லி மாவுக்கு இன்றைக்கு வழி பல. கடையில் பாக்கெட் வாங்கலாம். ஊறவைத்ததைத் தூக்குவாளியில் எடுத்துப்போய், மாவு அரைத்துக் கொடுக்கும் வீட்டில் அரைத்து வரலாம். இருக்கிற மிக்சியிலேயே ஒப்பேற்றலாம். டேபிள் டாப் வாங்கலாம். இடமும் பணமும் இருந்தால் தரையில் உட்காரும் பெரிய கிரைண்டரே வாங்கலாம்.

பாக்கெட்டிலிருந்து பார்ப்போம். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உருட்டு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். 800 கிராம் அரிசி, 200 கிராம் உளுந்து போட்டால் தண்ணீரோடு சேர்ந்து இரண்டரை கிலோ மாவுக்குக் குறையாது. அரிசி கிலோ 50, உளுந்து கிலோ 150 என்று வைத்துக்கொண்டால் சரக்குக்கு ஆனது 70 ரூபாய். அதாவது ஒரு கிலோ மாவு 28 ரூபாய். அண்ணாச்சி கடையில் கட்டிக்கொடுக்கும் மாவே கிலோ 50 ரூபாய் என்று வைத்தால் வித்தியாசம் 22 ரூபாய். பேர் போட்ட பாக்கெட் என்றால் இன்னும் அதிகம்.

நாலு பேர் இருக்கும் வீட்டில் வாரத்துக்கு மூன்று கிலோ மாவு தாராளமாகப் போகும். வருஷத்துக்கு 156 கிலோ. மிச்சம் சுமார் 3,400 ரூபாய். ஒன்றரை வருஷத்தில் கிரைண்டர் காசு கைக்கு வந்துவிடும். ரேஷன் புழுங்கல் அரிசியில் இட்லி சுடுகிற வீடாக இருந்தால் கணக்கு இன்னும் சுருக்கம். தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்காரர்களுக்கு 2011 ஜூன் முதல் அது இலவசம் என்பதால், உளுந்துக்கு மட்டும்தான் செலவு. கிலோ மாவு 12 ரூபாயில் முடியும். பத்து மாதத்தில் கிரைண்டர் சும்மா வந்த மாதிரி. ரேஷன் அரிசியை நாலைந்து தடவை களைந்து கல் பொறுக்க வேண்டும், அது தனி வேலை. ஆனால் இட்லிக்கு அந்தக் குண்டு அரிசிதான் சரி என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். நானும் அந்தக் கட்சி.

இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் இந்தக் கணக்கு செல்லாது. வாரம் ஒரு கிலோ மாவுக்கு வருஷ மிச்சம் 1,100 ரூபாய்தான். கிரைண்டர் விலையைத் திரும்ப எடுக்க நாலு வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் வீடு மாறலாம், ஊரே மாறலாம்.

அப்படியானால் மிக்சி போதாதா? போதும், ஆனால் இட்லி வேறு மாதிரி வரும். மிக்சி பிளேடு நிமிஷத்துக்கு 18,000 சுற்று அளவில் சுற்றி உளுந்தை வெட்டும். வெட்டும்போதே மாவு சூடாகும். அதனால்தான் மிக்சியில் அரைக்கிறவர்கள் ஐஸ் தண்ணீர் விடுவார்கள், உளுந்தையும் மூன்றுக்கு ஒன்று என்று கூட்டிப் போடுவார்கள். கிரைண்டரில் கல் மெதுவாக உருண்டு நசுக்கும், மாவு மடிந்து மடிந்து காற்றை இழுத்துக்கொள்ளும்.

உளுந்து அரைபடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இது புரியும். முதல் ஐந்து நிமிஷம் பருப்பு கல்லுக்கடியில் நறநறவென்று அரைபட்டுப் பசை மாதிரி ஓரத்தில் ஒட்டும். கையால் தண்ணீர் தெளித்துத் தெளித்து வழித்துவிட வேண்டும். பத்து நிமிஷத்துக்கு மேல் சத்தம் அடங்கும், மாவு வெளுக்கும். இருபத்தைந்து நிமிஷத்தில் டிரம்மின் பாதிக்கு இருந்தது முக்காலுக்கு ஏறியிருக்கும். ஒரு சொட்டு எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். மிதந்தால் எடுத்துவிடலாம். தண்ணீரை மொத்தமாக ஊற்றிவிட்டால் இந்தப் பொங்கல் வராது, மாவு நீர்த்துப்போய் இட்லி தட்டையாகும். அரிசியை அப்புறம் போட்டு ரவைப் பதத்தில் எடுத்தால் போதும்.

கரண்ட் விஷயத்தில் பலரும் தலைகீழாக நினைக்கிறார்கள். ஒரு மணி நேரம் ஓடுகிற கிரைண்டர்தான் அதிகம் இழுக்கும் என்று தோன்றும். டேபிள் டாப்பின் மோட்டார் பெரும்பாலும் 150 வாட். ஒரு மணி நேரம் ஓடினால் 0.15 யூனிட். 750 வாட் மிக்சியைக் கால் மணி நேரம் ஓட்டினாலே 0.19 யூனிட் ஆகிவிடும். மாவுக்கு மாவு கிரைண்டரே சிக்கனம். ஆனாலும் இந்த வித்தியாசம் காசுக் கணக்கில் ஒன்றும் பெரிதில்லை. மிக்சிக்கு வேறொரு நஷ்டம் உண்டு: சட்னிக்கும் மசாலாவுக்கும் செய்ததில் வாரா வாரம் கெட்டி மாவை அரைத்தால் கப்ளரும் ஜார் புஷ்ஷும் சீக்கிரம் தேயும்.

தரையில் உட்காரும் பழைய பாணிக் கிரைண்டர் கோயம்புத்தூர் சரக்கு. 1955இல் சபாபதி என்பவர் அங்கே முதலில் செய்தார் என்பது ஊரறிந்த வரலாறு. 2005–06இல் கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மாவு தரத்தில் இன்றும் அதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். கூட்டுக் குடும்பம், சொந்த வீடு, அடுப்படியில் ஒரு மூலை காலி என்றால் சாய்த்து மாவெடுக்கும் டில்டிங் வகையை வாங்குங்கள், அடுத்த தலைமுறை வரைக்கும் வரும். வாடகை வீட்டுக்காரர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். மூன்றாவது மாடிக்கு அதை ஏற்றுகிற கூலியும், ஏற்றுகிறவர் வாயிலிருந்து வரும் பேச்சும் தனி.

டேபிள் டாப்பில் கெடுவது பெரும்பாலும் பெல்ட். மாவு போட்டதும் டிரம் சுற்றத் திணறினால், மோட்டார் மட்டும் உறுமினால், பெல்ட் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். மாற்றிக் கொடுக்கிற ஆள் தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லா ஊரிலும் கிடைப்பார். மூன்றாவது கேள்வியில் கிரைண்டருக்கு முழு மார்க்.

இரண்டாவது கேள்வியில்தான் அது தடுக்கி விழும். டிரம், கல், கல்லைத் தாங்கும் கம்பி, வழித்துவிடும் பட்டை எல்லாவற்றையும் கழற்றிக் கழுவ வேண்டும். கல்லின் இடுக்கில் கொஞ்சம் மாவு நின்றாலும் மறுநாள் வாடை அடிக்கும். ஈரக் கல் கனமாகவும் வழுக்கலாகவும் இருக்கும். கால்விரலில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கடையில் கிரைண்டர் வாங்குகிற வேகம் ஆண்களுக்குத்தான் அதிகம். கழுவுகிற வேலை பெரும்பாலும் பெண்களுக்கு. இதை வாங்குவதா வேண்டாமா என்பதில் கடைசி வார்த்தை கழுவப்போகிறவருடையதாக இருக்க வேண்டும். “நீ அரை, நான் கழுவறேன்” என்று சொல்லக்கூடிய வீட்டுக்காரர் வாய்த்திருந்தால் தைரியமாக வாங்கலாம்.

தெருவில் யாராவது அரைத்துக் கொடுப்பவர் இருந்தால் அது நல்ல நடுவழி. அரிசியும் உளுந்தும் நம்முடையது, கூலி மட்டும் கொடுத்தால் போதும், கழுவுகிற பாடில்லை. நேரம் மட்டும் அவர் சொல்கிறபடி.

ஃபேன் கணக்கு

ஃபேனை ஒரு நாளில் யாரும் தொடுவதுகூட இல்லை, ஆனால் வீட்டில் அதிக நேரம் உழைக்கிற சாமான் அதுதான். 1,200 மில்லிமீட்டர் அளவுள்ள சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 70 முதல் 80 வாட் எடுக்கும். அதே காற்றைக் கொடுக்கிற பி.எல்.டி.சி. ஃபேன் 28 முதல் 35 வாட். பழைய மோட்டார் தனக்குள்ளே காந்தப் புலத்தை உண்டாக்கவே கரண்ட் செலவழிக்கும், அதில் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். இதில் நிரந்தரக் காந்தம் இருப்பதால் அந்தச் செலவு இல்லை. இரவெல்லாம் ஓடிய பழைய ஃபேனை நிறுத்திவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி நடுவிலுள்ள மோட்டார் மூடியைத் தொட்டால் நன்றாகச் சூடு தெரியும். கோடைக்காலத்தில் காசு கொடுத்து அறையைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறோம்.

சரி, மிச்சம் எவ்வளவு? வித்தியாசம் 45 வாட், ஒரு நாளைக்கு 14 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்தால், நாளுக்கு 0.63 யூனிட். நம் பில் இரண்டு மாதத்துக்கு ஒன்று. ஆகவே பில்லுக்கு 38 யூனிட் குறையும். இந்த 38 யூனிட் எத்தனை ரூபாய் என்பது வீட்டுக்கு வீடு மாறும். விளம்பரங்கள் சொல்லாமல் விடுவது இந்த இடத்தைத்தான்.

தமிழ்நாட்டில் 2016இலிருந்து முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேலே 2022 செப்டம்பரில் போட்ட கட்டணப்படி 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6, அதற்கப்புறம் 8 ரூபாயிலிருந்து ஏறும். 2024 ஜூலையில் இதையே இன்னும் கொஞ்சம் ஏற்றினார்கள். புது ஃபேன் குறைக்கிற யூனிட் எப்போதுமே பில்லின் உச்சியிலிருந்துதான் கழியும். இரண்டு மாதத்துக்கு 90 யூனிட் ஓட்டும் வீட்டில் இந்த ஃபேனால் ஒரு பைசா மிச்சமில்லை. 180 யூனிட் வீட்டில் பில்லுக்கு 85 ரூபாய். 350 யூனிட் வீட்டில் 171 ரூபாய், வருஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம்.

வேடிக்கை 500இல் இருக்கிறது. 500 யூனிட் வரை ஓட்டினால் 101 முதல் 200 வரைக்குச் சலுகை விலை உண்டு. 501ஐத் தொட்டால் அந்தச் சலுகை போய், 101இலிருந்தே 4.50 என்று கணக்கிடுவார்கள். 2022 கட்டணத்தில் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! 510, 530 என்று ஓடுகிற வீட்டுக்காரர் ஹாலில் ஒரு ஃபேனை மாற்றினாலே கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிடுவார். அவருக்கு இந்த ஃபேனை விட லாபமான பொருள் கடையில் இல்லை. கட்டணம் அவ்வப்போது மாறும் என்பதால் இ.பி. கார்டில் கடைசி நாலைந்து ரீடிங்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஏப்ரல், மே பில்லையும் டிசம்பர் பில்லையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கோடையில் மட்டும் 500 தாண்டுகிற வீடுகளும் உண்டு.

இன்னொன்று, ஓடிக்கொண்டிருக்கிற ஃபேனைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டுவதும், எப்படியும் ஃபேன் வாங்கியாக வேண்டிய வீட்டில் சாதாரணத்துக்குப் பதிலாக இதை வாங்குவதும் ஒன்றல்ல. பின்னதில் கூடுதல் செலவு 1,300 ரூபாய் அளவுதான். 350 யூனிட் வீட்டில் ஒன்றேகால் வருஷத்தில் வந்துவிடும். முன்னதில் முழு 3,000 ரூபாயையும் மீட்க வேண்டும், மூன்று வருஷம் ஆகும். எல்லா அறைக்கும் ஒரேயடியாக மாற்றுவது வீண். சமையலறையிலோ பூஜை அறையிலோ மூன்று மணி நேரம் ஓடுகிற ஃபேனை மாற்றினால் போட்ட காசு வர எத்தனையோ வருஷம் ஆகும். அதிக நேரம் ஓடுவது எந்த அறை என்று பார்த்து அங்கே மட்டும் மாட்டுங்கள்.

பில்லைத் தாண்டி ஒரு லாபம் உண்டு. இன்வெர்ட்டர் வைத்திருக்கிறவர்களுக்கு அதே பேட்டரியில் ஃபேன் இரண்டு மடங்கு நேரம் ஓடும். மே மாதத்து இரவில் கரண்ட் போனால் இதன் அருமை தெரியும். வோல்டேஜ் இறங்கினாலும் வேகம் அவ்வளவாகக் குறையாது.

குறை இல்லாமல் இல்லை. சாதாரண ஃபேன் மெதுவாகச் சுற்றினால் எந்த எலக்ட்ரீஷியனும் 2.5 மைக்ரோ ஃபேரட் கப்பாசிட்டர் ஒன்றை மாற்றிச் சரிசெய்துவிடுவார். காயில் எரிந்தால் கட்டித்தர ஆள் இருக்கிறார். பி.எல்.டி.சி.யில் இருப்பது எலக்ட்ரானிக் போர்டு. அது போனால் தெருவில் யாரும் கைவைக்க மாட்டார்கள், கம்பெனி ஆள் வர வேண்டும். அதனால் இதில் விலையை விட வாரண்டி எத்தனை வருஷம், நம் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்பதுதான் பெரிது. சென்னை, கோவை, மதுரைக்காரர்களுக்குக் கவலையில்லை. சின்ன ஊர்க்காரர்கள் கடைக்காரரிடம் அழுத்திக் கேட்டுவிட வேண்டும்.

ரிமோட் விஷயம் வீட்டைப் பொறுத்தது. முட்டி வலியுள்ள பெரியவர்களுக்கு, எழுந்திருக்காமல் வேகத்தைக் குறைக்க முடிவது பெரிய வசதி. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது சோபாவுக்கடியில்தான் கிடக்கும். சுவரிலுள்ள பழைய ரெகுலேட்டரோடு சேர்த்து இந்த ஃபேனை ஓட்டக் கூடாது, நேராக சுவிட்சுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரின் ஃபேனைக் கழற்றித் துணி சுற்றிப் பரணில் வைத்துவிட்டு, காலி செய்யும்போது நம்முடையதை எடுத்துக்கொண்டு அதை மாட்டிவிட்டுப் போகலாம்.

கல்

தோசைக்கல்லுக்குப் பெரிய கணக்கு வேண்டாம். நான்ஸ்டிக் தவா சுமார் 800 ரூபாய். ஸ்டீல் கரண்டியும் கம்பி நாரும் புழங்கும் நம் அடுப்படியில் இரண்டு வருஷம் தாண்டுவது கஷ்டம். அந்தப் பூச்சு 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால் சிதையத் தொடங்கும். வெறும் தவாவைப் பெரிய தீயில் வைத்துவிட்டு ஃபோன் பேசப் போனால் அந்தச் சூடு எளிதாக வந்துவிடும். வார்ப்பிரும்புக் கல் ஆயிரம் ரூபாய் என்றாலும் நம் காலத்துக்கும் பிள்ளைகள் காலத்துக்கும் வரும். சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அடுத்தடுத்து ஊற்றினாலும் தோசை வெளுக்காமல் சிவந்து வரும், ஓரம் முறுகும்.

பழக்குவதுதான் பாடு. புதுக் கல்லை நன்றாகக் கழுவி, வடிகஞ்சியில் இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டு, தினம் கஞ்சியை மாற்றித் தேய்த்துக் கழுவ வேண்டும். அப்புறம் நல்லெண்ணெய் தடவிச் சிறு தீயில் சூடாக்கி ஆறவைத்து, இன்னொரு தடவை தடவி வைக்க வேண்டும். முதல் நாள் தோசை ஒட்டும், பிய்யும், ஆள் சோர்ந்துபோவார். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு அழுத்தித் தேய்த்துவிட்டு அடுத்ததை ஊற்றினால் மூன்றாவது நாலாவதில் கழன்று வரத் தொடங்கும். பழகின கல்லில் சப்பாத்தி போடக் கூடாது, ஆம்லெட்டும் போடக் கூடாது. அதற்குத் தனிக் கல். கழுவினால் உடனே துடைத்து எண்ணெய் தடவி வைக்காவிட்டால் மறுநாளே துரு. எல்லார் வீட்டிலும் இதற்குப் பொறுமை இருக்காது, அதைக் குறை சொல்லவும் முடியாது. மணிக்கட்டில் வலு இல்லாதவர்களுக்கு வார்ப்பிரும்பின் கனம் ஆகாது. அவர்கள் மெல்லிய இரும்புத் தகட்டுக் கல்லை வாங்கலாம். சூடு அங்கங்கே ஏறி இறங்கும், ஆனால் தூக்க முடியும். வயதானவர் தனியாக இருக்கிற வீட்டுக்கு நான்ஸ்டிக்கே வாங்கிக்கொடுத்துவிட்டு, மரக் கரண்டி ஒன்றையும் சேர்த்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னும் மலிவான சிலவற்றுக்கு யோசனையே வேண்டாம். ஸ்டீல் காபி ஃபில்டர் முந்நூறு நானூறு ரூபாய். தினம் காபி குடிக்கிற வீட்டில் அதற்கு ஈடான வாங்கல் கிடையாது. குக்கர் கேஸ்கட் தளர்ந்து ஆவி ஓரத்தில் சீறினால் கேஸும் வீண் நேரமும் வீண், நூறு இருநூறு ரூபாயில் அதே கம்பெனி கேஸ்கட்டைப் போட்டுவிடுங்கள்.

எனவே ஆறாயிரத்தை எப்படிப் பிரிப்பது?

நாலு பேருக்குக் குறையாத குடும்பம், வாரத்தில் மூன்று நாளாவது இட்லி தோசை, கழுவ ஆள் தயார்: கிரைண்டர். மிஞ்சுகிற ஆயிரத்தில் கல். ஃபேன் போனஸ் வரும் வரை காத்திருக்கட்டும். இரண்டு பேர் வேலைக்குப் போகிற வாடகை வீடு: ஹாலுக்கோ படுக்கையறைக்கோ ஒரு பி.எல்.டி.சி. ஃபேன், ஒரு கல், ஒரு ஃபில்டர். மாவு தெருவில் அரைத்துக்கொள்ளலாம், அல்லது பாக்கெட். ஆயிரத்துச் சொச்சம் கையிலேயே மிஞ்சும். குழந்தை பிறந்து, அம்மாவோ மாமியாரோ வந்து தங்கும்போது கிரைண்டரைப் பற்றிப் பேசலாம். பில் 100 யூனிட்டுக்குள்ளேயே முடிகிற சின்ன வீட்டில் ஃபேன் காசை வீணாக்காதீர்கள், பழைய ஃபேனே ஓடட்டும். 500 யூனிட்டை ஒட்டி ஓடுகிற வீட்டில் மற்ற எல்லாம் அப்புறம்தான். இரண்டு ஃபேனாக வாங்கிவிடுங்கள். வீட்டில் தங்கியிருக்கிற பெரியவர்களுக்கு ஃபேன் 20 மணி நேரம் ஓடும் என்பதையும் கணக்கில் சேருங்கள். பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குக் கிரைண்டரை யாரும் பரிசாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

எனக்குத் தனிப்பட்ட ஓரவஞ்சனை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்: இட்லி பிடித்த வீட்டுக்கு மற்ற கணக்கெல்லாம் அப்படி இப்படி இருந்தாலும் கிரைண்டர் வாங்கலாம் என்றுதான் சொல்வேன். மிதக்கிற உளுந்து மாவில் சுட்ட இட்லியைத் தின்றுவிட்டு யாரும் அதை ரூபாய்க் கணக்கில் பார்ப்பதில்லை.

வாங்கப் போகும்போது சிலதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடித் தள்ளுபடியில் மூன்றுமே விலை இறங்கும், ஆனால் பழைய சரக்கும் அப்போதுதான் வெளியே வரும். சீலிங் ஃபேனுக்கு 2023 ஜனவரி 1 முதல் நட்சத்திர முத்திரை கட்டாயம். அது இல்லாத பெட்டி என்றால் எத்தனை நாள் கிடங்கில் கிடந்தது என்று யோசியுங்கள். பெட்டியிலுள்ள வாட் எண்ணையும் காற்றோட்ட எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். வாட் குறைவு, காற்றும் குறைவு என்றால் அதில் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. கிரைண்டரைக் கடையிலேயே பிரித்து, டிரம்மைப் பொருத்திச் சில விநாடி சுற்றவிட்டால் ஆட்டம் தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் முதல் ஈடு மாவை வாயில் வைக்காதீர்கள். புதுக் கல்லில் மண் இருக்கும், ஒரு பிடி பழைய அரிசியை ஊறவைத்து அரைத்துக் கொட்டிவிட்டு அப்புறம் தொடங்குங்கள்.

தோசைக்கல்லை மட்டும் ஆன்லைனில் வாங்காமல் பாத்திரக் கடைக்கு நேரில் போங்கள். கண்ணாடி மேசை மேல் நிமிர்த்தி வைத்து ஓரத்தை அழுத்திப் பாருங்கள், ஆடினால் அடி சமமில்லை. இன்டக்‌ஷன் அடுப்புக்கு அது உதவாது. அப்புறம் காதில் ஒரு கையால் பிடித்துத் தூக்கி விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் எங்கேயோ விரிசல் இருக்கிறது, அடுத்ததை எடுக்கச் சொல்லுங்கள்.